நகையெல்லாம் தரையில் கிடக்கிறது. இந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது?

பெரம்பூர்க்காரி:

வணக்கம். எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. வீட்டில் இருக்கும் ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன்.

அப்பா போன ஆவணியில் காலமானார். ஐ.சி.எஃப்.பில், அதாவது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், வேலை பார்த்தவர். பஞ்சாபில் கபூர்தலாவில் புதிதாக ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியபோது இங்கிருந்து போனவர்களில் அவரும் ஒருவர். 1986 முதல் 1993 வரை அவர் அங்கே, அம்மா இங்கே. நான் 1987இல் பிறந்தேன். விவரம் தெரிந்த நாள் முதல் எனக்கு அப்பா என்றால் வருஷத்துக்கு இரண்டு முறை சென்ட்ரலில் வந்து இறங்குகிறவர்தான். கடைசியாகத் திரும்பி வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ரஜாய்ப் போர்வை, சுருட்டி வைத்த இந்தப் படம், இவ்வளவுதான் கொண்டு வந்தார். சண்டிகர் மியூசியத்துக்குப் போயிருந்தபோது வாங்கிய அச்சுப் பிரதி என்று சொன்னார். பிரேம் போட்டு ஹாலில் மாட்டினோம். முப்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன், ஆனால் ஒரு நாளும் அவரிடம் "இது என்னப்பா" என்று கேட்டதில்லை.

படத்தில் இருப்பதைச் சொல்கிறேன். இரவு. வானம் சாம்பல் கலந்த நீலம், மேலே நிலா. நடுவில் ஒரு பெரிய மரம், அதில் பூத்த கொடி ஒன்று சுற்றியிருக்கிறது. மரத்தடியில் இலைகளைப் பரப்பிப் படுக்கை மாதிரி செய்திருக்கிறது. படுக்கையின் ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறாள், பக்கவாட்டு முகம். வலது கை நீண்டிருக்கிறது. தரையில் வளையல், மாலை, காதணி எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. பின்னால் ஒரு ஆறு. இந்தக் கரையில் ஒரு வாத்து, அந்தக் கரையில் ஒரு வாத்து, இரண்டும் செம்பழுப்பு. வேறு ஆள் யாரும் இல்லை.

அவள் தூங்குவதற்காக நகையைக் கழற்றி வைக்கிறாள் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். அம்மா "அவ கோபக்காரி" என்பார், அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார். முகத்தைப் பார்த்தால் கோபம் மாதிரியும் இல்லை, அழுகை மாதிரியும் இல்லை. சாதாரணமாக இருக்கிறது. அப்பா ஏன் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று யாராலும் சொல்ல முடியாது, சரி. படத்துக்குள் நடப்பது என்ன என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அண்ணாநகர் வாசகன்:

இது அபிசாரிகை என்று நினைக்கிறேன். இரவில் காதலனைத் தேடித் தனியாகக் காட்டுக்குள் போகும் பெண். பஹாடி ஓவியங்களில், அதாவது இமயமலை அடிவாரத்தில் வரைந்த படங்களில், நிறைய உண்டு. வழியில் பாம்பு நெளியும், மின்னல் வெட்டும், சிலவற்றில் பேய்கள்கூட நிற்கும். அவள் எதையும் பார்க்காமல் போய்க்கொண்டிருப்பாள். காலிலிருந்து கொலுசு கழன்று விழுந்திருக்கும், அதைக்கூடக் கவனிக்க மாட்டாள். உங்கள் படத்தில் நகை தரையில் கிடப்பது அதனால் இருக்கலாம். இருட்டில் போகிறவள் கருநீல உடுப்பிலும், நிலவில் போகிறவள் வெள்ளை உடுப்பிலும் வருவாள், யார் கண்ணிலும் படாமல் இருக்க. உங்கள் படத்துப் பெண் என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறாள்?

மாடவீதி அபிநயம்:

நான் மயிலாப்பூரில் முப்பத்தைந்து வருஷமாகப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். பதங்களுக்கு அபிநயம் பிடிபடத்தான் இந்த ஓவியங்களைப் பார்க்கத் தொடங்கினேன், பிறகு விடமுடியவில்லை. அண்ணாநகர் தம்பி சொன்ன அடையாளங்கள் எல்லாம் சரி, ஆனால் ஆள் மாறிவிட்டது. அபிசாரிகை நடந்துகொண்டிருப்பவள். அவளுடைய படத்தில் பாதை இருக்கும், படுக்கை இருக்காது. இவள் வந்து சேர்ந்துவிட்டாள். படுக்கையும் போட்டுவிட்டாள். அவன்தான் வரவில்லை.

இவள் பெயர் விப்ரலப்தா. ஏமாற்றப்பட்டவள் என்று பொருள். காதலில் பெண்ணின் நிலையை எட்டாகப் பிரித்து நாட்டிய சாஸ்திரம் சொல்கிறது. அதையே மத்திய இந்தியாவில் ஓர்ச்சாவில் இருந்த கவிஞர் கேசவதாஸ் 1591இல் ரசிகப்ரியா என்ற நூலில் பிரஜ் மொழியில் பாடினார். ராஜஸ்தானத்திலும் இமயமலை அடிவாரச் சிற்றரசுகளிலும் ஓவியர்கள் நாயிகைகள் எனப்படும் இந்த எட்டுப் பேரைத் தலைமுறை தலைமுறையாக வரைந்தார்கள். எட்டையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. உங்கள் படத்துக்கு வேண்டியது இரண்டு பேர்தான். இன்னும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பவள் விரஹோத்கண்டிதா. அவளுக்கும் காடு, மரம், இலைப் படுக்கை எல்லாம் உண்டு. சில நேரம் ஒரு மான் தண்ணீர் குடிக்கும். ஆனால் அவள் உடம்பில் நகை முழுதாக இருக்கும், ஏனென்றால் அவன் வந்துவிடுவான். காத்திருப்பு எந்த நொடியில் அறுந்துபோகிறதோ, அந்த நொடியில் அவள் விப்ரலப்தா ஆகிறாள். அதற்கு ஓவியன் கண்ட அடையாளம் நகையைக் கழற்றி எறிவது. யாருக்காகப் போட்டுக்கொண்டாளோ அவன் வரவில்லை, பிறகு அது எதற்கு?

பஜனை சம்பிரதாயத்தில் ஜயதேவரின் கீதகோவிந்தப் பாடல்களான அஷ்டபதி கேட்டவர்களுக்கு இது தெரிந்த இடம். பதின்மூன்றாவது அஷ்டபதியில் ராதை புலம்புவது இதைத்தான்: சொன்ன நேரத்துக்கு அவன் வனத்துக்கு வரவில்லை, தோழியின் வார்த்தை என்னை ஏமாற்றிவிட்டது, கையில் கிடக்கும் வளையும் மணியும் பிரிவின் நெருப்பைச் சுமந்து என்னைச் சுடுகின்றன என்கிறாள். நெருப்பைக் கையில் வைத்திருக்க முடியுமா? அதனால்தான் எறிகிறாள். உங்கள் அம்மா கோபம் என்று சொன்னதில் தவறே இல்லை, ஆனால் அது கோபமாக மட்டும் இருந்தால் மாலையையும் பூவையும் கழற்ற வேண்டியதில்லை. நிலாவையும் பாருங்கள். அந்தப் பாட்டு வரும் சர்க்கத்தில் நிலா எழுந்துவிடுகிறது. நிலா மேலே வந்துவிட்டது என்றால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஓவியத்தில் கடிகாரம் அதுதான்.

முகம் சாதாரணமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும்தான் நான் பதில் எழுதவே உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் எல்லாம் முகம். ஒரு புருவத்தை எவ்வளவு உயர்த்துவது என்று பிள்ளைகளுடன் ஒரு வாரம் போராடுவேன். இந்த ஓவியர்களிடம் போனால் முகம் எப்போதும் அதே பக்கவாட்டு முகம்தான், அதே நீண்ட கண்தான். கூடியிருப்பவளுக்கும் பிரிந்திருப்பவளுக்கும் ஏறக்குறைய ஒரே முகம். முதலில் எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. பிறகு புரிந்தது, முகத்திலிருந்து எடுத்த துக்கத்தை அவர்கள் சுற்றிலும் இருக்கும் பொருள்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். கசங்காத படுக்கையிடம் கொஞ்சம். மரத்தைத் தழுவியிருக்கும் கொடியிடம் கொஞ்சம், ஏனென்றால் அதற்குக் கிடைத்த தழுவல் இவளுக்குக் கிடைக்கவில்லை. மிச்சம் அந்த வாத்துகளிடம்.

அவை சாதாரண வாத்துகள் இல்லை. சக்கரவாகம். பகலெல்லாம் இணையாக இருந்துவிட்டு இரவானால் சாபத்தால் ஆளுக்கொரு கரையில் பிரிந்து கிடந்து ஒன்றையொன்று கூப்பிடும் என்பது கவிகள் சொன்ன வழக்கு. நீங்கள் "இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று" என்று எழுதினீர்களே, ஓவியன் எழுதியதும் அந்த வாக்கியம்தான்.

ராகங்களை ஆளாக உருவகித்து வரையும் ராகமாலைப் படங்களிலும் இதே வழி. தோடி ராகினி என்றால் காட்டில் வீணையோடு ஒரு பெண், சுற்றிலும் மான்கள். ககுபா என்றால் கையில் மாலையோடு தனித்து நிற்பவளைச் சுற்றி மயில்கள். கேட்க வேண்டியவன் இல்லை, மான் கேட்கிறது. (நம் சபாக்களில் கேட்கும் தோடி வேறு, அவர்கள் தோடி வேறு. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

பொன்வண்டு:

நான் ஓவியன். ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அச்சுப் பிரதியில் அது தொலைந்துபோகும்.

இந்தப் படங்கள் சுவரில் மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கையில் எடுத்து, மடியில் வைத்து, சாய்த்துப் பார்ப்பதற்கானவை. பல தாள்களை ஒட்டிக் கெட்டியாக்கி, வண்ணம் பூசிய பிறகு படத்தைக் குப்புறப் போட்டு அகேட் கல்லால் பின்பக்கம் தேய்ப்பார்கள். வண்ணம் தாளுக்குள் இறங்கிப் பளபளக்கும். தூரிகை அணில் முடி. முத்துக்களை வெள்ளை வண்ணத்தால் சின்னப் புள்ளியாக மேடாக்கி வைப்பார்கள். பஹாடிச் சிற்றரசான பசோலியில் 17ஆம் நூற்றாண்டில் வரைந்த நாயிகைப் படங்களில் மரகதத்துக்குப் பதிலாக வண்டின் இறக்கை ஓட்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்த்தோமே, பொன்வண்டு, அந்த மாதிரிப் பச்சை. படத்தைச் சாய்க்கும்போது அது மின்னி அடங்கும். அப்படிப்பட்ட நகை அவள் கழுத்தில் இல்லாமல் தரையில் கிடந்து மின்னுவதை யோசித்துப் பாருங்கள்.

இரவையும் கவனியுங்கள். நம் கண்ணுக்கு இரவு என்றால் கருப்பு. பஹாடி ஓவியர்கள் ஒரு சாம்பல் நீலத்தை மெல்லியதாகப் பூசிவிட்டு, அவளை மட்டும் பகல் வெளிச்சத்தில் வைத்தது போல வைப்பார்கள். நிழலே விழாது. ஊரெல்லாம் இருட்டில் இருக்க இவளுக்கு மட்டும் எல்லாம் தெளிவாகத் தெரிகிற இரவு அது. நான் பலமுறை நகல் எடுத்துப் பார்த்தேன். அந்தச் சாம்பல் கொஞ்சம் கூடினால் பயம் வந்துவிடுகிறது, கொஞ்சம் குறைந்தால் மாலை நேரமாகிவிடுகிறது.

பெரம்பூர்க்காரி, ஒரு வேண்டுகோள். பிரேம் கடைகளில் மவுண்ட் அட்டை வைக்கும்போது ஓரத்தை மூடிவிடுவார்கள். பஹாடிப் படங்களுக்குப் பெரும்பாலும் சிவப்பு ஓரம் உண்டு. அதுவும் படம்தான். முடிந்தால் பிரித்துப் பாருங்கள். பிரதியின் அடியில் பெயர் அச்சிட்டிருந்தாலும் இருக்கும்.

செலவழுங்கல்:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். டீச்சரம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. துக்கத்தைப் பொருள்களிடம் கொடுத்துவிடுகிறார்கள் என்றார்களே, அதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: கருப்பொருள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அதில் வாழும் பறவை, விலங்கு, மரம், பூ எல்லாம் கருப்பொருள். அவற்றின் வழியாகத்தான் உரிப்பொருள், அதாவது கூடலும் பிரிவும், சொல்லப்படும். அகத்திணை படித்த பிள்ளைக்கு இந்த ஓவியங்களைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோழி அங்கே சகி. மழைக்காலத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவனை முல்லையில் எதிர்பார்ப்பது போல, அங்கே கருமேகத்தின் முன்னால் வெண்கொக்கு பறந்தால் பிரிந்தவளுக்கு நெஞ்சு பதறும்.

கேசவதாஸ் 1601இல் எழுதிய கவிப்ரியாவில் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒவ்வொரு பாட்டு வைத்து, "இந்த மாதத்தில் போகாதே" என்று நாயகி தடுப்பதாகப் பாடியிருக்கிறார். பன்னிரண்டு மாதங்களை வரையும் பாரமாசா ஓவியங்கள் பலவற்றுக்கு அதுதான் மூலம். நாம் அதைச் செலவழுங்குவித்தல் என்போம். என் பெயர்க் காரணமும் அதுதான்.

இந்தப் படத்துக்கு நேரான துறையும் உண்டு. அல்லகுறிப்படுதல். தலைவன் இரவில் வந்து குறியாக ஒரு ஓசை எழுப்புவான். ஒரு நாள் தானாகவே ஒரு காய் நீரில் விழுகிறது, அல்லது பறவை கலைந்து எழுகிறது. அவன்தான் என்று நினைத்து இவள் குறியிடத்துக்கு வந்து பார்த்தால் யாரும் இல்லை. திரும்பிப் போகிறாள். ஏமாற்றியது அவனும் இல்லை, தோழியும் இல்லை, ஒரு காய்.

ஆனால் ஒன்று. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். அகத்தில் தலைவனுக்குப் பெயர் கிடையாது. அங்கே பெரும்பாலும் அவன் கண்ணன், ஆகவே பிரிவு பக்திக்குள் போய்விடுகிறது. இன்னொரு வேறுபாடு வளையலில் இருக்கிறது. நம் தலைவிக்குப் பிரிவில் தோள் மெலியும், வளை தானாக நெகிழ்ந்து விழும். அவள் கழற்றுவதில்லை, தடுக்கவும் முடிவதில்லை. உங்கள் படத்துப் பெண்ணோ தன் கையாலேயே கழற்றிப் போடுகிறாள். இதை நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். விழுகிற வளையலுக்குப் பல நாள் பிரிவு வேண்டும். எறிகிற வளையலுக்கு ஒரு இரவு போதும்.

ஆனந்த குமாரசுவாமி என்ற பெயரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ராஜபுத்திர ஓவியத்தை முகலாய ஓவியத்திலிருந்து வேறானதாகப் பார்க்க வேண்டும் என்று 1916இல் இரண்டு தொகுதிகளாக எழுதிக் காட்டியவர் அவர். கொழும்பில் பிறந்தவர், தந்தை ஈழத் தமிழர்.

மாடவீதி அபிநயம்:

ஐயா, வளையல் பற்றி எழுதியது என் வகுப்புக்கு நாளைக்கே போகிறது. இத்தனை வருஷம் இரண்டையும் ஒரே கை அசைவில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இனி முடியாது.

பெரம்பூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

அண்ணாநகர் சார், அவள் உடுத்தியிருப்பது ஆரஞ்சுப் பாவாடை, வெள்ளை முக்காடு. டீச்சர் சொன்னதுதான் சரி. சனிக்கிழமை தெருமுனை பிரேம் கடையில் கொடுத்துப் பிரித்தேன். மவுண்ட் அட்டைக்குக் கீழே நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பு ஓரம் இருந்தது. முப்பது வருஷம் மூடியே இருந்ததால் படத்தைவிட ஓரம்தான் புதுசாக இருக்கிறது. கீழே வெள்ளையில் இந்தி எழுத்தில் ஒரு சின்ன வரி. கடைப் பையன் எழுத்துக்கூட்டிப் படித்தான்: விப்ரலப்தா நாயிகா.

அப்பாவுக்கு இந்தி படிக்கத் தெரியும். ஏழு வருஷம் அங்கே இருந்தவர். ஆக, அவருக்குப் படத்தின் பெயர் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரவாகத்தைச் சொன்னேன், நிலாவைச் சொன்னேன், அல்லகுறியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

1988 செப்டம்பர் கடைசியில் என் முதல் பிறந்த நாளுக்கு அப்பா வருவதாக இருந்ததாம். அந்த வாரம்தான் பஞ்சாபில் பெரிய வெள்ளம். ரயில் இல்லை. எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. அம்மா பட்டுப் புடவை கட்டி, பூ வைத்து, என்னையும் தூக்கிக்கொண்டு தாத்தாவோடு சென்ட்ரலுக்குப் போயிருக்கிறார். டில்லியிலிருந்து வந்த வண்டி காலியாகிக் கூட்டம் கலையும் வரை நின்றுவிட்டு, பேருந்தில் திரும்பினார்களாம். தந்தி வந்தது மூன்று நாள் கழித்து. "அன்னிக்கு ராத்திரி வந்ததும் முதல்ல பூவத்தான் எடுத்தேன்" என்றார். இதை அம்மா எனக்குச் சொல்வது இதுவே முதல் தடவை. அப்பாவிடம் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். கடிதத்தில் எழுதினாராம்.

அதன் பிறகு ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் அவ்வளவு பக்கத்தில் நாங்கள் இருவருமே அதைப் பார்த்ததில்லை. கடைசியில் விரலைக் கொண்டுபோய் அவள் முகத்துக்கு மேலே, தாளைத் தொடாமல் நிறுத்தி, "எல்லாத்தையும் கழட்டிட்டா. மூக்குத்திய மட்டும் கழட்டல, பாத்தியா" என்றார்.

பார்த்தேன். இருக்கிறது. மெல்லிய பொன் வளையம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி, இரண்டு வெள்ளைப் புள்ளி.

டீச்சர், மற்ற விப்ரலப்தா படங்களிலும் அதை விட்டுவைத்திருப்பார்களா? பார்த்துச் சொல்லுங்கள், அம்மா கேட்கச் சொன்னார்.